காற்று போகும் பக்கம்

கொடுங்கையூர்,
20.05.2024

அன்புள்ள ஜெபின் அவர்களுக்கு,

நீங்களும் அம்மாவும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தரகர் சொன்னார். போனில் எனக்கு வார்த்தை வராது. அதனால் கடிதம்.

பெண் பார்க்க உங்களை ஏரிக்கரைக் கோட்டை மியூசியத்துக்கு வரச் சொன்னோம். "எங்க வூட்ல மொத டிகிரி இவதான். மியூசியம்னா உசுரு" என்று என் அம்மா காரணம் சொன்னார். உண்மைக் காரணம் வேறு. எங்கள் தெரு குப்பைக் கிடங்கின் மதிலோரம் இருக்கிறது. போன வருடம் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். "இந்த வாட்டி வூட்டாண்ட வேணாம்டி, மூக்கப் புட்சிகினு ஓடிடுவாங்க" என்று அம்மா அழுதார். அப்பா வேன் பிடித்தார்.

மாடியில் கோட்டையின் பழைய வரைபடம் பார்த்தோமே. ஏரிக்காற்று வரும் பக்கம் அதிகாரிகள்; காற்று போகும் பக்கம் தொழுவமும் கூலிக்காரர் குடிசைகளும். "நாத்தத்த யாரு மோந்துட்டுக் கெடக்கணும்னு அப்பமே முடிவு பண்ணிருக்கான், பாத்தியளா!" என்று சிரித்தீர்கள். நான் தலைகுனிந்தேன். வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

சொல்லாமல் உங்கள் சம்மதத்தை வாங்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
பெர்சிஸ்

நாகர்கோவில்,
29.05.2024

பிரியமுள்ள பெர்சிஸ்,

உங்கள் கடிதத்தை எங்கள் கடையில் வைத்தே நாலு தடவை படித்தேன். மறைக்காமல் சொன்னதால் உங்களை இன்னும் பிடித்துவிட்டது. எனக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

என் அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். ஏரிப் பாசி வாடைக்கே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார், கவனித்தீர்களா? கல்யாணம் இங்கேயே நடக்கட்டும். பிறகு உங்கள் வீட்டார் இங்கே வந்து போகலாம். அம்மா சென்னைக்கு வந்தால், அந்தக் கோட்டை மாதிரி நல்ல இடமாகப் பார்த்துச் சந்திக்கலாம்.

அன்புடன்,
ஜெபின்

கொடுங்கையூர்,
10.06.2024

அன்புள்ள ஜெபின்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தங்கமான புள்ளடி. நீ வாயத் தொறந்து கெடுத்துக்காத" என்றார். அரிசி களைந்துகொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்: "அப்ப தலப்பிரசவத்துக்கு உன்ன எங்க இட்டுனு வருவேன், அந்தக் கோட்டைக்கா?"

அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற 23ஆம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா வஞ்சிரம் வாங்கி வருவார். உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழைத்து வாருங்கள். சொல்ல முடியாதென்றால் இந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்காது.

பேருந்தை விட்டு இறங்கியதும் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். வாடை வரும் பக்கமாக நடங்கள். மதில் தொடங்கும் இடத்திலிருந்து மூன்றாவது வீடு.

பெர்சிஸ்