என்னிடம் சொல்லாமல் உங்களிடம் சொன்னவை

என் மகளின் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய அன்பு ரோஸ்லின் டீச்சருக்கு,

ஏலாக்குறிச்சியில் உங்கள் முப்பதாம் நாள் நினைவுப் பூசையில் என் மானம் போனது தெரியுமா? எல்லோரும் வரிசையாகப் போனார்கள். பிரசாதம் என்று நினைத்து நானும் போய்ச் சாமியார் முன்னால் கையை நீட்டினேன். கவிதா ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அது நற்கருணை. நாம வாங்கக் கூடாது. வந்து உக்காருங்க." அழுதுகொண்டிருந்த உங்கள் அம்மாவே சிரித்துவிட்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை. இன்னும் தீரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் கவிதா தினமும் முகம் வீங்கித்தான் வருவாள். நான் கேட்டால், "தலைவலிப்பா." மூன்றே வயசு மூத்த உங்களிடம் மட்டும் போனில் ஒரு மணி நேரம் பேச்சு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் ஒட்டுக்கேட்பேன். மாட்டுக்கு வயிறு ஊதியதுதான் மிச்சம்.

"ஒரு புள்ளையும் வாயத் தொறக்கல அக்கா. வேலைய வுட்டுடப் போறேன்" என்று ஒருநாள் அழுதாள். மறுநாள் நீங்கள் அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்களாம். "கேள்வியும் நீயே கேக்குற, பதிலும் நீயே சொல்லிடுற. கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா நில்லுடி" என்றீர்களாம். நான் என்ன சொல்லியிருப்பேன்? பிரம்பை எடு என்றுதான்.

போன மாதம், அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கத் திருமானூருக்கு பஸ் ஏறினேன். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னக் கணக்கில் ஏதோ கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். எனக்கே பொறுக்கவில்லை. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து தப்பாகச் சொன்னாள். "எப்படி யோசிச்ச? வந்து போர்டுல காட்டு சாமி" என்றாள் கவிதா. அந்தப் பொறுமை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. பெற்றவன் நான், ஆக்கியது நீங்கள். வயிறு எரிந்தது டீச்சர்.

நீங்கள் காய்ச்சலில் போன பிறகு, சாயங்காலமானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நேற்று முதல் தடவையாக என் பக்கத்தில் வந்தாள். "இன்னைக்குப் புள்ளைங்கள ரொம்பத் திட்டிட்டேம்ப்பா." இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்! அரை மணி நேரம் புத்தி சொன்னேன். "சரி, வுடுங்கப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுபடி வருவாளா? வந்தால் காது கொடுத்துக் கேட்பேன், வாயே திறக்க மாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

ஆனால் அன்றைக்கு ஜன்னலோரம் நின்று அவளிடம் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு: எனக்கு நீ டீச்சரா வந்திருந்தா, நான் பத்தாவது கணக்குல பாஸாயிருப்பேன் கண்ணு.

உங்கள் தங்கச்சி கவிதாவின் அப்பா