டாட்டா சொல்லாமல் வந்தது

ஜூன் 8, திங்கள்

இடது கையில் மகாராணி, வலது கையில் பேனா. எழுத்து கோணலாக இருந்தால் காரணம் இதுதான், என் குணம் அல்ல. ஒன்றரை வயது முடிந்தும் ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து பால் கேட்கிறாள். கேட்கிறாள் என்பது மரியாதைக்கு. சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறாள்.

இன்று வீட்டில் ஓர் அதிசயம். பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கும் என் கணவர், கல்யாணமாகி நாலு வருடத்தில் அடுத்த தெருப் பூங்காவுக்குக்கூடத் தானாகக் கூப்பிடாதவர், "தீவுக்கு டிக்கெட் போட்டிருக்கேன், நீயும் நானும் மட்டும்" என்றார். வியாழன் போய் திங்கள் வருகிறோமாம்.

"பாப்பா?"

"அம்மா பாத்துப்பாங்க."

"பாலு?"

"பகல்ல சாப்பிடுதுல்ல? சமாளிச்சுக்கும்."

எதைக் கேட்டாலும் பதில் கையோடு இருந்தது. டாக்டர் கேட்கும் முன்பே விலையும் டெலிவரி தேதியும் சொல்வாரே, அந்த மாதிரி. எங்கேயோ இடிக்கிறது. ஆனால் தூங்காத மூளைக்கு இடிச் சத்தமும் தாலாட்டாகத்தான் கேட்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.

பால் நிறுத்தப் போகிறேன், தெரியும். ஜூலையில் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மெதுவாக, நானே, அவளிடம் சொல்லிவிட்டு நிறுத்துவேன். இதற்கு ஊர் கூடித் தீர்மானம் போட வேண்டாம். இதுவரை போட்டவர்கள்: என் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, மருந்துக்கடைக்காரர். மாமியார் மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 10, புதன்

அத்தைக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கிண்ணம், எந்தப் போர்வை, எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவன் மட்டும் என்ன தானாவா வளந்தான்?" என்றார். வளர்ந்த லட்சணத்தைத்தான் தினம் பார்க்கிறேனே. சொல்லவில்லை.

விடியுமுன் கிளம்ப வேண்டுமாம். "தூங்கறப்பவே போயிடலாம், முழிச்சா அழும்" என்கிறார் இவர். ஒரு டாட்டா சொல்ல நேரமில்லையா? இல்லையாம். படகு காத்திருக்காதாம்.

இப்போது குடித்துக்கொண்டிருக்கிறாள், கடித்துக்கொண்டும். சீக்கிரம் முடி தாயே, எனக்குப் பெட்டி கட்டணும்.

ஜூன் 11, வியாழன்

வந்து சேர்ந்தோம். அறைக் கதவைத் திறந்தால் கட்டில் நிறையப் பூவிதழ், இதய வடிவில். நடுவில் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்கின்றன. இவர் போட்டிருப்பது புதுமணத் தம்பதி டிக்கெட்டாம். அதில்தான் காலைச் சாப்பாடு சேர்த்தியாம். வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்: "கல்யாணமாகி எத்தனை நாள் ஆச்சு மேடம்?"

"ஆயிரத்து ஐந்நூறு."

"ஸோ ஸ்வீட்!" என்றாள். கணக்கில் வீக் போலிருக்கிறது.

ஜன்னலில் கடல். நல்ல கடல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. விடிய விடிய முழித்திருக்கிறது, கத்துகிறது, ஓயாமல் ததும்புகிறது. அதைப் பார்த்து யாரும் "இன்னுமா நிறுத்தல?" என்று கேட்பதில்லை.

அத்தைக்கு போன் செய்தேன். முகத்தைக் காட்டச் சொன்னால், "வீடியோ வேண்டாம்மா, உன்னைப் பாத்தா ஏங்கிடும்" என்றார். பின்னால் மகாராணி யாருக்கோ ஆணை பிறப்பிக்கும் குரல். அழவில்லை. அழவில்லையே என்று நான் அழுதேன்.

நான் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க மாமியாருக்கு நாலு வருட ஆசை. நிறைவேறிவிட்டது. வாழ்க.

ஜூன் 12, வெள்ளி

நான் சிவில் படித்தவள். குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் நீர்த்தேக்கம், மதகு, உபரிக் கால்வாய் என்று வரைந்து தள்ளியவள். நீர்மட்டம் ஏறினால் மதகைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கரைக்கு உத்தரவாதம் இல்லை. இன்று காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே முழுக் கொள்ளளவு.

வேனில் எங்களோடு ஒரு புது ஜோடி. நிஜமான புது ஜோடி. வழிகாட்டி கழுத்தில் விசிலோடு வந்தார். ஆட்டு மந்தை மாதிரி எங்களை ஊதி ஊதி ஓட்டுகிறார். பெயரைச் சொன்னார், விசில் சத்தத்தில் காதில் விழவில்லை. விசில் என்றே இருக்கட்டும்.

முதலில் மலைமுனை. பிறகு அருவி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம்.

"மேடம், கையை எடுங்க மேடம்! ஹனிமூனுக்கு வந்துட்டு யாராவது கையைக் கட்டிட்டு நிப்பாங்களா? சார் தோள்ல போடுங்க!"

எடுத்தால் என்ன தெரியும் என்று விசிலிடம் எப்படிச் சொல்வது? சட்டையில் ஏற்கெனவே இரண்டு தீவு. அவற்றைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி வேண்டியதில்லை. மலைமுனையில் கை கட்டி நின்றேன், அருவியில் கை கட்டி நின்றேன். பள்ளிக்கூடத்தில் இந்த ஒழுக்கம் இருந்திருந்தால் டீச்சர் மெச்சியிருப்பார்.

கலங்கரை விளக்கத்தில் தாங்கவில்லை. பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிட்டது, அக்குள்வரை வலி. எல்லோரும் மேலே ஏறினார்கள். நான் கீழே இருந்த கழிப்பறைக்குள் புகுந்து, முகம் கழுவும் தொட்டியில் பீய்ச்சிக்கொண்டு நின்றேன். வீட்டில் ஒருத்தி இதற்காகச் சண்டை போடுவாள். இங்கே குழாய்த் தண்ணீரோடு போகிறது. வெளியே கதவு தட்டும் சத்தம், அதற்குள் இறங்கி வந்துவிட்ட புதுப்பெண்.

"அக்கா, ஆச்சா?"

"ஒரு பக்கம்தாம்மா ஆச்சு."

வெளியே காலடிச் சத்தம் இரண்டு எட்டு பின்வாங்கியது. பாவம், கல்யாண வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாளோ.

கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து கடல் அபாரமாகத் தெரிந்ததாம். தொட்டியின் கீழிருந்து குழாய் கசிவது தெரிந்தது.

ராத்திரி இவர் வந்து, "அமுக்கி எடுக்காத. எடுக்க எடுக்க ஊறும். இறுக்கமா எதாவது கட்டிக்கோ, ரெண்டு நாள்ல வத்திடும்" என்றார்.

வற்றிடுமா? எதற்கு வற்ற வேண்டும்? திங்கட்கிழமை வீட்டுக்குப் போகிறோமே.

பல் நாற்காலி விற்பவருக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது?

ஜூன் 13, சனி

ஆமைக் கடற்கரை. விசில் மணலில் நின்று பிரசங்கம் செய்தார். "தாய் ஆமை ராத்திரி வரும், குழி தோண்டும், முட்டை போட்டு மூடும், நேரா கடலுக்குப் போயிடும். திரும்பிக்கூடப் பாக்காது! குட்டிங்க தானா வளந்துக்கும்!"

இவர் என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றார். ரொம்ப அன்பாக.

பார்த்தேன். ஆமை பாலே கொடுப்பதில்லை என்பதையும் பார்த்தேன். ஆமைக்குப் புருஷன் டிக்கெட் போடுவதில்லை என்பதையும் பார்த்தேன்.

அங்கேயே, மணலில் உட்கார்ந்து அத்தைக்கு போன் போட்டேன். "அத்தை, இப்ப முகத்தைக் காட்டலன்னா நான் அடுத்த படகுல வந்துடுவேன்."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "ஏம்மா... எனக்கு மனசு கேக்கல, சொல்லிடறேன். உன் முகம் காட்டக்கூடாதுன்னது உங்கம்மா. அஞ்சு நாள் பிரிச்சு வச்சா பிள்ளை பால் மறந்துடும்னு அவங்கதான் சொன்னாங்க. இவனும் தலையை ஆட்டிட்டான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல நாம யாருடான்னேன். கேட்டாத்தானே?"

ஆக, இது சுற்றுலா இல்லை. பால் மறக்கடிக்க என்னை நாடு கடத்தியிருக்கிறார்கள். பூவிதழ் தூவி.

அம்மாவைக் கூப்பிட்டேன். வெட்கமோ தயக்கமோ துளி இல்லை. "உன் நல்லதுக்குத்தான்டி பண்ணேன். உன்னையும் இப்படித்தான், பெரியம்மா வீட்டுல விட்டுட்டு வந்து மறக்க வச்சேன். ஒரு வாரம். செத்தா போயிட்ட?"

சாகவில்லை. யாராவது செருப்பு போடும் சத்தம் கேட்டால் மட்டும் இன்றுவரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். எதனால் என்று இத்தனை வருடம் யோசித்துக்கொண்டிருந்தேன். விடை கிடைத்தது, நன்றி.

மாமியாரைத் திட்டி மேலே எழுதியிருப்பதை அடிக்கவில்லை. இருக்கட்டும், இனிமேல் வரப்போகும் சண்டைகளுக்கு முன்பணம்.

புதன்கிழமை என்ன எழுதினேன் என்று திருப்பிப் பார்த்தேன். அதுதான் கடைசி என்று தெரியாமல் கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி பார்த்து, நாங்கள் கிளம்பும்வரை அவள் எழவே இல்லை. கன்னத்தைத் தொட்டேனா? தலையை மோந்தேனா? ஞாபகம் இல்லை. எழுதி வைத்திருப்பது இதுதான்— சீக்கிரம் முடி தாயே, எனக்குப் பெட்டி கட்டணும்.

இவரோடு பேசவில்லை. துண்டு அன்னங்கள் இரண்டையும் பிரித்து, ஒன்றை அவர் பக்கம் போட்டுவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

கண்ணாடி அடித்தளம் போட்ட படகு. காலுக்குக் கீழே மீன். சண்டை போட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது, யாரும் எழுந்து போக முடியாது. விசில் மீன்களைப் பற்றிக் கத்த, நாங்கள் கிசுகிசுத்தோம்.

"எத்தனை நாளா திட்டம்?"

"திட்டம்லாம் இல்லம்மா..."

"டிக்கெட் தானா முளைச்சுதா?"

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "ஏப்ரல்ல ஒரு நாள் பாத்ரூம்ல உக்காந்து அழுத. யாராவது என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்கன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்கம்மாகிட்ட கேட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"உன்கிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்லுவ."

"ஆமா. அதுக்குப் பேருதான் கேக்கறது."

கண்ணாடியில் தெறித்திருந்த துளியை விரலால் துடைத்தார்.

"தூங்கணும்னு சொன்னேன். நிறுத்தணும்னு சொன்னேனா? எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கறது அது ஒண்ணு. அதை முடிக்கறப்ப நாங்க ரெண்டு பேரும் அங்க இருக்க வேண்டாமா? நான் அவளுக்கு ஒரு டாட்டாகூடச் சொல்லலங்க..."

மூக்குச் சளி கண்ணாடியில் சொட்டியது. கீழே ஒரு மீன் அதைச் சாப்பிட வாயைத் திறந்தது.

"சார், மேடம், கீழ பாருங்க, ஜோடி மீன்!" என்று விசில் ஊதினார். பார்த்தோம். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போனது.

கரைக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடினேன். முடித்துக் கதவைத் திறந்தால் வாசலில் இவர், என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காவல்காரர் மாதிரி. புதுப்பெண்ணைத் தள்ளி நிற்க வைத்து, "கொஞ்சம் நேரமாகும்மா, அவசரப்படுத்தாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து, சத்தமில்லாமல், "ரெண்டு பக்கமும் ஆச்சா?" என்றார்.

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நல்ல பல். நாற்காலிக்கு அவசியமில்லை.

ஜூன் 15, திங்கள்

வீடு.

கதவைத் திறந்ததும் மகாராணி அத்தையின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எட்டிப் பார்த்தாள். மறுபடி ஒளிந்தாள். ஐந்து நாளும் நான் பயந்தது இதற்குத்தான். இதோ, நடக்கிறது. தரையில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராவிட்டால் என்ன செய்வேன்?

"நான் ஒண்ணும் மறக்கடிக்கல. கேட்டப்பல்லாம் அம்மா வருவா, வந்து தருவான்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் அத்தை. என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

மெதுவாக வந்தாள். மடியில் ஏறினாள். மூக்கைத் தொட்டாள். பிறகு வழக்கம்போல் காலரைப் பிடித்து ஓர் இழுப்பு. ஒரு பொத்தான் தெறித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு, ஒரு பொத்தானுக்கு!

குடித்தாள். நாலைந்து வாய் இருக்கும். நிறுத்தினாள். எதையோ நினைத்துப் பார்ப்பவள் மாதிரி என்னைப் பார்த்தாள். திரும்ப வாய் வைத்தாள், எடுத்தாள். வாயோரம் பால் வழிய ஒரு சிரிப்பு. நான் இந்தத் தடவை கன்னத்தைத் தொட்டேன். தலையை மோந்தேன். அத்தையின் எண்ணெய் வாசனை.

பிறகு சட்டையை அவளே இழுத்து மூடினாள். மூடிய இடத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "டாட்டா" என்றாள்.

எனக்கு இல்லை. அதற்கு.

இறங்கி, அத்தையின் கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்து ஓடிவிட்டாள். ஒருவேளை நாளைக்குத் திரும்பக் கேட்பாள்.

ஜூன் 16, செவ்வாய்

கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை. குளியலறையில் கொஞ்சமாகப் பீய்ச்சினேன். வலி குறையும் அளவுக்கு மட்டும்.

ஜூலை 11, சனி

மத்தியானம். இரண்டு கையும் சும்மா இருக்கிறது. எழுத்து நேராக வருகிறது.

அலுவலகத்தில் முதல் வாரம் முடிந்தது. ஓர் ஏரியின் மதகை நான்கு தடவை திருத்தி வரைந்தேன்.

தீவுப் படங்களை இவர் இன்றுதான் அச்சுப் போட்டு வந்தார். அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏம்மா, மலைக்கு முன்னாலயும் கையைக் கட்டிட்டு நிக்கற, அருவிக்கு முன்னாலயும் கையைக் கட்டிட்டு நிக்கற. யாராவது அடிச்சாங்களா?" இவர் துண்டை மடித்து மகாராணிக்கு அன்னம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அறை சுத்தம் செய்தவரிடம் கற்றதாம். செய்து முடித்ததும் பார்த்தால் ஆமை மாதிரி இருக்கிறது. அவளுக்கு அது போதும். தினமும் ராத்திரி இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் ஒரே தூக்கம்.

நானும்தான். ராத்திரியில் எழுத நான் முழித்திருப்பதில்லை.

கொஞ்சம் முன்பு அம்மா போன் செய்தாள். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள்.

"சரியா கேக்கலம்மா, லைன் விட்டு விட்டு வருது" என்று வைத்துவிட்டேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.