பின்பக்கம் இல்லாத சுவர்

செப். 4, வெள்ளி

வெயில். பொட்டு மேகம் இல்லை. எனக்கு வேண்டியது நிழல் விழாத வெளிச்சம். இந்த ஊரில் அது வாய்த்தால்தானே.

நேற்று வாலிநோக்கம் போய் உப்புக் குவியலைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள் அத்தனையும் வீண். படங்களை ஒட்டி உருவம் செய்கிற சாஃப்ட்வேர் கட்டிக் கொடுத்தது ஒரு கொழுக்கட்டை. இணையத்தில் இருக்கிற எங்கள் குழுவில் போட்டேன். ஹெரான் பதில்: வெறும் வெள்ளையில் பிடிமானம் கிடைக்காது. ஒரு படத்தை அடுத்த படத்தோடு சேர்க்க அதற்குக் கறையோ கீறலோ வேண்டும்.

ஹெரான் என்பது குழுவில் வைத்திருக்கும் பெயர். ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. கேம் கம்பெனியில் வேலை என்பது மட்டும் தெரியும். அங்கே என் பெயர் கருவேலம். என்னை எல்லாரும் ‘ப்ரோ’ என்கிறார்கள். இருக்கட்டும்.

சாயங்காலம் ஹெரானின் அறிவிப்பு. புது கேமுக்குப் பழைய சுவர், கதவு, கிணறு எல்லாம் கணினிக்குள் செய்து தர ஆள் வேண்டுமாம். மூன்று மாதம் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு பொருள் செய்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் 14, திங்கள்.

அந்தக் குழு, இந்தக் குழு என்று சேர்ந்து, ஊர்பேர் தெரியாதவன் கேமுக்கெல்லாம் கருத்துச் சொல்லி, கைதட்டி... எல்லாம் இதற்குத்தான். இல்லையென்றால் ஆயுசுக்கும் இந்த ஜெராக்ஸ் கடை வேலைதான். ஆதார் கார்டு, முன்னும் பின்னும், ரெண்டு காப்பி.

செப். 6, ஞாயிறு

மேகம்! பல்கூட விளக்காமல் ஓடினேன்.

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் நிற்கிற சுவர். கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம். உப்புக்காற்று தின்ற செங்கல். பூச்சு பாதி உதிர்ந்து, அடியில் உப்புப் பொரிந்து. இத்தனை நாள் இதை விட்டுவிட்டு எங்கெங்கோ அலைந்திருக்கிறேன்.

அம்மா வாளியோடு வந்து நின்றாள். “சுவத்துக்கு எதுக்குத்தா இத்தனை படம்?”

“எல்லாப் பக்கமும் எடுத்தா கம்ப்யூட்டர்ல முழுச் சுவரா வரும்மா. கேம்ல வைக்கலாம்.”

“இந்தச் சுவத்தையா? நல்லதா ஒன்னு கிடைக்கலையா ஒனக்கு?”

அய்யா பார்த்தார். துண்டை உதறிக்கொண்டு டிராக்டர்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

ராத்திரிக்குள் குழுவில் போட்டாயிற்று. இதயமாகக் கொட்டுகிறார்கள். அந்த உப்பை எப்படிச் செய்தாய் என்று ஒருவன். நான் எங்கே செய்தேன், காற்று செய்தது.

செப். 7, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

ஹெரான் எல்லார் முன்னாலும் எழுதியது: “நீலக் கயிறு தொங்குகிற ஆணி இரண்டு பக்கமும் இருக்கிறதே. முன்பக்கத்தையே திருப்பி ஒட்டியிருக்கிறாய். கேம் ஆடுகிறவர் சுவரைச் சுற்றி நடப்பார். நிஜமான பின்பக்கத்தோடு அனுப்பு. சுவர் நன்றாக இருக்கிறது.”

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். அப்படியும் முகம் எரிகிறது. கடையில் ஒரு பெரியவரின் ரேஷன் கார்டைத் தலைகீழாக நகல் எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

பின்பக்கம் சித்தப்பா வீட்டு முற்றத்தில். பங்கு பிரித்தபோது போர்வெல் மோட்டார் யாருக்கு என்று வந்த சண்டை. நான் அப்போது பள்ளிக்கூடம். அன்றிலிருந்து அய்யாவும் சித்தப்பாவும் பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் இரண்டு பேருமே மேகம் பார்க்கிறார்கள். நாங்களும் போவதில்லை, வருவதில்லை.

சுவருக்குப் பதிலாக வேறு என்ன:
அடிபம்பு — போன மாதம்தான் பெயிண்ட். பளபளப்பு. ஆகாது.
கரையில் கிடக்கும் வள்ளம் — கடலோரப் போலீஸ் வந்து அடையாள அட்டை கேட்கும்.
கோயில் மண்குதிரை — பூசாரி விடமாட்டார்.
ஒன்றும் இல்லை. சுவர்தான்.

செப். 9, புதன்

இன்று நான் செய்த கூத்து.

அய்யா வெளியே போனதும், புளியங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பின் நுனியில் போனைக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, துவைக்கிற கல்லில் ஏறிச் சுவருக்கு மேலே நீட்டினேன். அந்தப் பக்கம் கோழி கத்தியது. பிறகு சித்தி.

“எவன்லே அது, பட்டப்பகல்ல?”

“நான்தான் சித்தி. தனம்.”

செருப்புச் சத்தம் சுவரடிக்கு வந்தது.

“கேஸு போடப் போறீகளா? அதுக்குத்தான் படம் பிடிக்கச் சொன்னாகளா ஒங்கய்யா?”

“அய்யாவுக்குத் தெரியாது சித்தி. எனக்கு ஒரு வேலைக்கு வேணும். சுவரு மட்டும்தான்.”

சித்தியின் முகம் தெரியாமலே, சுவர் வழியாகவே எல்லாவற்றையும் சொன்னேன். கேம், வெளிநாடு, திங்கட்கிழமை. குழுவில் பேசுவது மாதிரிதான் இருந்தது. எவ்வளவு புரிந்ததோ.

“ஞாயித்துக்கிழமை காலைல வா. சித்தப்பா இருப்பாக.”

வீடியோவில் கிடைத்தது: வானம், ஒரு சேவல், சித்தியின் வாய்.

செப். 11, வெள்ளி

ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நகம் தீர்ந்தது. லேப்டாப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன். குழுவில் எவனோ மரக்கதவு ஒன்று போட்டிருக்கிறான். தாழ்ப்பாள் துருகூட உதிர்கிறது. பாராட்டி எழுதினேன். வயிறு எரிந்துகொண்டே எழுதினேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அய்யாவுக்குத் தெரிஞ்சா நான் ஒன்னும் அறியேன்” என்றாள். அதுவே சம்மதம்.

சாயங்காலமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கர்கர் என்று சுரண்டுகிற சத்தம். கோழிக்கூடு கட்டுகிறார்கள் போல.

செப். 13, ஞாயிறு

கோழிக்கூடு இல்லை.

பின்வழியாகச் சுற்றிப் போனேன். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில். சித்தி விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையில். இரண்டு பேருக்கும் பின்னால் சுவர், கண் கூசுகிற வெள்ளை. புதுச் சுண்ணாம்பு. கறை இல்லை, கீறல் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. உப்புக் குவியலை நிமிர்த்தி வைத்தது போல.

“எப்புடித்தா?” என்றாள் சித்தி. “முழுக்க வறட்டி தட்டுன சுவரு. வெளிநாட்டுக்காரன் பாக்கப் போறான்னுட்டு சித்தப்பாதான் ரெண்டு நாளாச் சுரண்டி வெள்ளை அடிச்சாக.”

எனக்கு அழுகை வந்தது. நாளைக்குக் கடைசி நாள். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கோபம். ஆனால் எனக்காக இதுவரைக்கும் யாரும் வெள்ளை அடித்ததில்லை.

முதலில் அவர்களை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். சித்தப்பா மூச்சுப் பிடித்து நின்றார். அப்புறம்தான் சொன்னேன். “சித்தப்பா, எனக்கு வேண்டியதே அந்த அழுக்குத்தான்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. சுண்ணாம்பு ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்துவிட்டது. “சித்தி, திரும்ப வறட்டி தட்டுவீகளா?”

“வெள்ளை அடிச்ச சுவத்துலயா? கிறுக்கா ஒனக்கு?” அவரைப் பார்த்தாள்.

“பிள்ளை கேக்குதுல்ல. தட்டு” என்றார்.

விசேஷப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாணியைப் பிசைந்தாள். பட், பட், பட். வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். சித்தப்பா ஒதுங்கி உட்கார்ந்தவர் எழுந்து வந்து, “அங்கன ஒன்னு குறையுது பாரு” என்று இடம் காட்டினார். வெயில் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் எடுத்து முடித்தேன். சுவரின் ஓரங்கள் சரியாக வரவேண்டும் என்று சித்தப்பா வீட்டையும் கொஞ்சம் சேர்த்தே எடுத்தேன்.

கிளம்பும்போது மோர் கொடுத்தார்கள். குடித்தேன். அய்யாவிடம் சொல்லவில்லை.

செப். 14, திங்கள்

பிடித்துக்கொண்டது! வறட்டியை வைத்து வைத்து ஒரு படத்தை அடுத்ததோடு சேர்த்துவிட்டது சாஃப்ட்வேர். சித்தியின் ரேகைகூடத் தெரிகிறது. மத்தியானம் கரண்ட் போய் உயிர் போய் வந்தது. கடையிலிருந்து அனுப்பினேன்.

குழுவில் ஒரே கேள்வி. அந்த வட்டங்கள் என்ன? சாணி என்றேன். சாணியா? ஆமாம். ஏதாவது சடங்கா? இல்லை, அடுப்புக்கு. முன்பக்கம் அவ்வளவு பழசு, பின்பக்கம் ஏன் புதுச் சுண்ணாம்பு? “விருந்தாளி வருவதாக இருந்தது” என்று எழுதினேன்.

ஹெரான் வாயே திறக்கவில்லை.

செப். 15, செவ்வாய்

பதில் இல்லை. கடையில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். எனக்கும்.

செப். 17, வியாழன்

வந்துவிட்டது. அப்படியே எழுதிவைக்கிறேன்: “முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நன்றாக இருக்கிறது. ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்று தெரிகிறதே. அதை முழுதாக எடுத்துத் தர முடியுமானால் மூன்று மாத வேலை உனக்கு. முதல் வேலை அந்த வீடுதான்.”

கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். சித்தப்பா வீடு முழுதும் என்றால் பல நாள் அங்கே போக வேண்டும். ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை. முடியாது என்று அய்யா சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர் முன்னால் லேப்டாப்பை வைத்தேன். விரலால் எப்படித் திருப்புவது என்று காட்டினேன். திருப்பினார்.

“நம்ம பக்கம்.” இன்னும் திருப்பினார். வெள்ளை வந்தது. விரல் நின்றது.

“வெள்ளை அடிச்சிருக்கான்.”

“நான் படம் பிடிக்க வாரேன்னு சொன்னதுக்கு, அய்யா.”

அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். அய்யா குனிந்து, கண்ணைச் சுருக்கி, சுவரின் அடிப்பாகத்தையே பார்த்தார்.

“அடியில விட்டுட்டான் பாரு. சின்னப்பிள்ளையில இருந்தே அவனுக்குக் குனிஞ்சு வேலை பாக்க ஆகாது.”

அவர் வாயில் சித்தப்பாவைப் பற்றி நான் கேட்டு எத்தனை வருடம். வேலையைப் பற்றி, வீட்டைப் பற்றி எல்லாம் கடகடவென்று சொன்னேன். லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“சுவத்துல சாத்தியிருக்க தொரட்டியை எடுத்து உள்ள வை. பின்வழியா என்னத்துக்குப் போற? வாசல் வழியாப் போ.”

தொரட்டியை உள்ளே வைத்தாயிற்று. இப்போதே ஓட வேண்டும். விஷயம் காதில் விழுந்து சித்தப்பா சுண்ணாம்பு வாங்கக் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும், வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் என்று.