படியின் நடுவால் வந்தவனுக்கு

மச்சான், இன்று காலை வீட்டு மாடிப்படி கத்தியது. தேநீர்க் கோப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். ஏறி வந்த மகள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நான்தான் அப்பா," என்றாள், டேனிஷில். டோஸ்ட்ருப் நகரில் சொந்த வீடு வாங்கி இத்தனை வருடமாகியும் இந்தப் பாழாய்ப்போன நெஞ்சு அடங்கவில்லை. நீ கண்ணை மூடிவிட்டாய் என்று போன கிழமை உன் அக்கா சுவீடனிலிருந்து சொன்ன பிறகு இன்னும் மோசம்.

எண்பத்தைந்தின் குளிர்காலம். ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் ஊரில் ஒரு பழைய வீட்டின் மாடி அறையில் இருவரும் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் பார்த்திருந்தோம். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் சோற்றோடு சேர்ந்தே இறங்கும். ஊரில் இராணுவத்தின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் ஓடலாம். மாடி அறைக்கு ஏது பின்பக்கம்? அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். நாங்கள் படியில் சுவரோரமாக மட்டும் கால் வைப்போம். அங்கே பலகை சத்தம் போடாது. நடுவில் கத்தினால் வருவது வெளியாள்.

அக்காவிடம் போகும் ஆசையில் நீ சுவீடிஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். கதவோ படியோ, மரம் கிறீச்சிடுவதற்கு அதில் ஒரு சொல் இருந்தது: க்னாரா. சொல்லிப் பார்த்தால் பலகையே கத்துவது போலிருக்கும்.

"இப்ப கத்துதெண்டால் க்னாரார். கத்தினதெண்டால் க்னாராதெ. கத்தி முடிஞ்சுதெண்டால் ஹார் க்னாராத்," என்று பாடமாக்குவாய்.

"வேறை சொல்லே கிடைக்கேல்லையோ உனக்கு?" என்று எரிந்து விழுவேன்.

ஒரு மத்தியானம் நீ கடைக்குப் போயிருந்தாய். படி கத்தியது. நடுவில்தான், ஒவ்வொரு பலகையாக, ஆறுதலாக, அவசரமில்லாமல். அலுமாரிக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டேன். அறைக் கதவு திறந்தது. பாண் பையோடு நீ நின்றாய், சப்பாத்தும் கழற்றாமல்.

"உனக்கென்ன விசரோ? எனக்கு உயிர் போயிட்டுது!"

"பிடிக்க ஒருத்தரும் வரேல்லை மச்சான். இந்தப் படிதான் எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கு. எனக்கும் பயம்தான். எண்டாலும் இனி நான் நடுவாலைதான் வருவன்."

அப்படியே வந்தாய். பதில் வந்து, இருவருக்கும் அனுமதி கிடைத்து, நீ அக்காவிடம் கப்பலேறிய நாள் வரைக்கும். கத்தும்போதெல்லாம் நான் நடுங்கினேன். வந்தது எப்போதும் நீதான். ஆனாலும் நான் சுவரோரத்தை விடவில்லை. இந்த வீட்டிலும்கூட.

மகள் வேலைக்குப் போனதும் படியடியில் வெகுநேரம் நின்றேன். பிறகு நடுவில் கால் வைத்தேன். க்னாரார். நெஞ்சு பழையபடி அடித்தது. "நான்தான், நான்தான்," என்று எனக்கே சொல்லிக்கொண்டு மேலே ஏறினேன்.