பதினெட்டாம் தேதிப் படம்

மார்ச் 3, செவ்வாய்

கேமரா வாங்கியாகிவிட்டது. எனக்காக இல்லை, நாத்தனாரின் கால் புண்ணுக்காக.

வியாழக்கிழமைதோறும் வருகிற நர்ஸம்மா போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார். "வாரத்துக்கு ஒரு தடவை பாத்தா எனக்கு ஒண்ணும் பிடிபடல. தினமும் நீங்க கட்டு மாத்துறப்போ பக்கத்துல அளவுப் பட்டையை வச்சு ஒரு படம் எடுத்து வைங்க. நல்லா ஆகுதா, மோசமாகுதான்னு அது சொல்லும்."

கடையில் இருந்த பெண் வெள்ளி நிறத்தில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். சோப்புக் கட்டியில் பாதிகூட இல்லை. பொத்தானை அழுத்தியதும் தூங்கி எழுந்தது மாதிரி லென்ஸ் வெளியே நீண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். ஐம்பத்தோரு வயசில்.

நாத்தனார் அதை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த அழகுக் காலுக்குப் படம் ஒண்ணுதான் குறைச்சல்" என்றார்.

மார்ச் 4, புதன்

முதல் படம் சொதப்பல். பிளாஷ் அடித்து உள்ளங்கால் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. புண் இருக்கிற இடமே தெரியவில்லை. "பாரு, ஆறிடுச்சு" என்றார் நாத்தனார். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது எத்தனை வருஷத்துக்கு முன்னால்?

அவர் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து இந்த மூன்றாம் மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. மாத்திரை போட்டீங்களா, தண்ணி வருதா, கதவைச் சாத்து. நாள் முழுக்க இருபது வார்த்தை தேறாது.

மார்ச் 6, வெள்ளி

பூ படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒரு விரல்கடை தூரத்தில் இருப்பதும் துல்லியமாக விழுகிறது. புண் இன்று தெளிவாக வந்தது. கட்டை விரலுக்குக் கீழே, வட்டமாக, இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டுத் துணியின் நெசவை எடுத்தேன். குழாய் முனையில் தொங்கிய சொட்டு, கதவுக் கீலில் துரு, பல் துலக்கும் பிரஷ்ஷின் இழைகள். ரொட்டி அடுப்பில் கருகியது. அதையும் எடுத்தேன்.

ஒரு மனுஷிக்குக் கால் அழுகாமல் இருக்க வாங்கிய சாமான் இது. எனக்கு எதற்கு இத்தனை குதூகலம்?

மார்ச் 8, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

படத்தைக் காட்டச் சொன்னார் நாத்தனார். தன் உள்ளங்காலைக் குனிந்து பார்க்க அவரால் முடியாது, இடுப்பு மடங்காது. புண் வந்து ஐந்து மாசம், இன்னும் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. சர்க்கரையால் காலில் உணர்ச்சியும் இல்லை. வலித்தாலாவது தெரியும்.

காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானா? நான் என்னமோ குகை மாதிரி நெனச்சிட்டிருந்தேன்."

பிறகு தெரியாமல் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டார். துரு வந்தது. "இது என்ன, மலையா?" "கதவுக் கீலு, அக்கா." "அட!" அடுத்தது. "இது... கோரைப்புல்லு." "என் பிரஷ்." இப்படியே பத்துப் படம். ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏண்டி, இவ்வளவு விஷமக்காரியா நீ? இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

டீ போட்டு உட்கார்ந்து பேசினோம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக நின்ற கதை. பிரேக் அடித்தால் கம்பியைப் பிடிக்காமல் நிற்பாராம். "மத்தவங்களுக்குக் கம்பி. எனக்குக் காலு."

மார்ச் 12, வியாழன்

நர்ஸம்மா படங்களை வரிசையாகப் பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்தொன்று, பத்தொன்பது. "பிரமாதம்! இப்படியே போனா போதும். ஆனா ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது."

மார்ச் 13, வெள்ளி

கேமராவை வேலைக்கு எடுத்துப் போனேன். எங்கள் சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகள் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் பலகை மாதிரி வரும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். என்னோடு மடிப்பவளுக்கு 'விசில்' என்று பெயர், வாய் ஓயாமல் சீட்டியடிப்பதால். ஆவி மேலே எழும்போது அவள் முகம் பாதி மறைந்ததை எடுத்தேன். "நான் செத்துப் போனப்புறம் இப்படித்தான் வருவேன் போலிருக்கு" என்றாள்.

சாயங்காலம் நாத்தனாரிடம் காட்டினேன். "மேகமா?" என்றார். எனக்கு வேலை முடிந்து வீட்டுக்கு ஓடி வரத் தோன்றுகிறது. இது புதுசு.

மார்ச் 18, புதன்

பதினான்கு மில்லிமீட்டர். இளஞ்சிவப்பு. சுற்றிலும் புதுத் தோல் பளபளவென்று. இதுவரை எடுத்ததில் இதுதான் நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது.

"மாசக் கடைசியில கீழ இறங்கி முனை வரைக்கும் நடக்கப் போறேன், பாரு" என்றார்.

மார்ச் 19, வியாழன்

நர்ஸம்மாவின் மகளுக்குப் பிரசவ நேரம். அடுத்த வாரம் வர மாட்டார். கிளினிக் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். "கொஞ்சம் மாறினாலும் போன் பண்ணுங்க. யோசிக்காதீங்க."

மார்ச் 22, ஞாயிறு

ஓரம் வெளுத்து ஊறிப்போயிருக்கிறது. ஈரத்தினால் இருக்கும்.

மார்ச் 23, திங்கள்

ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பதினேழு மில்லிமீட்டர். லேசாக வாடை.

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு கையை நீட்டினார். "காட்டு." என்னவோ ஆகிவிட்டது எனக்கு. பின்னால் போகும் பொத்தானை அழுத்திப் பதினெட்டாம் தேதிப் படத்தைக் காட்டினேன். திரையில் தேதி தெரியாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. அதையும் செய்தேன்.

"இன்னும் சுருங்கியிருக்கே!" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரு நாளைக்குத்தானே. நாளைக்குச் சரியாகிவிட்டால் இதைச் சொல்லிச் சிரிக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

அதே படத்தைக் காட்டினேன்.

மார்ச் 25, புதன்

புள்ளி இப்போது புள்ளியில்லை. ஒரு நகம் அளவு.

இடைவேளையில் சலவைக்கூடத்து போனிலிருந்து கிளினிக்கைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை, வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி முயற்சி செய்திருக்கலாம். செய்யவில்லை. சொன்னால் வரச்சொல்வார்கள், வரச்சொன்னால் அக்காவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் ஏன் முந்தாநாள் சொல்லவில்லை என்று... விசில் கேட்டாள், "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன்.

நாளைக்குக் கட்டாயம்.

மார்ச் 26, வியாழன்

வேலையிலிருந்து வந்தால் படுக்கை காலி. குளியலறை காலி. மாடிப்படியில் பாதி வழியில் நாத்தனார் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க போனேன் சொல்லு பாக்கலாம்! என் பழைய பஸ்ஸுல ஏறிட்டேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அப்படியே திரும்பி வந்தேன். கண்டக்டர் பொண்ணு உக்காருங்கம்மான்னா. உக்காரவே இல்லையே நான்! நின்னுகிட்டே போனேன். கம்பியைத் தொடல."

கட்டு முழுக்க நனைந்து பழுப்பாக இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லையே.

"என்னை ஒரு படம் எடுடி. காலை மட்டும்தான் எடுப்பியா? மூஞ்சியை எடு."

எடுத்தேன். படம் அசையாமல் விழுந்திருக்கிறது. அவ்வளவு நல்ல கேமரா.

மார்ச் 27, வெள்ளி

காலையில் காய்ச்சல் கொதித்தது. கணுக்கால் வரை சிவப்பு. ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார்: "ஆறிக்கிட்டுதானே இருந்துச்சு? நேத்துகூடக் காட்டினியே?"

மார்ச் 30, திங்கள்

டாக்டர் படங்களைக் கேட்டார். கட்டில் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். நடுவில் குழாய்ச் சொட்டும் துருவும் வந்தன. அவற்றையும் அதே வேகத்தில் தள்ளினார். அதுதான் கூசியது.

பிறகு நிறுத்தினார். "இருபத்தி மூணாம் தேதியே கறுத்திருக்கே. அப்பவே ஏன் வரலை? நாலு நாள் முன்னாடின்னா ஒரு விரலோட போயிருக்கும்."

நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் காது நன்றாகக் கேட்கும்.

ஏப்ரல் 1, புதன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்றுதான் பேசினார்.

"என்கிட்ட நீ காட்டினது எந்த நாள் படம்?"

"பதினெட்டு."

"மூணு நாளும்?"

"நாலு நாளும் அக்கா. பஸ்ஸுல போயிட்டு வந்த அன்னிக்கும்."

"ஏன்?"

எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருந்தேன் இந்தக் கேள்விக்கு! நீங்க சிரிச்சீங்க, அது போயிடும்னு பயமா இருந்துச்சு. இதைத்தான் சொன்னேன். சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு கேவலமாக இருந்தது.

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "தெரிஞ்சிருந்தா நான் படியில இறங்கியிருக்க மாட்டேன். என் காலுடி அது. எனக்குத் தெரிய வேண்டாமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

போனேன். தூங்குவது போல் படுத்திருந்தார். துவைத்த துணியை வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வீட்டுக்கு வரப் போவதில்லை. கால் இழந்தவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் விடுதியில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறார். கீழ்த்தளம். நர்ஸம்மாதான் ஏற்பாடு செய்தாராம். என்னிடம் நர்ஸம்மா சொன்னார், நாத்தனார் சொல்லவில்லை.

"மூணு மாடி ஏற முடியாது, அதனாலதான்" என்றார் நர்ஸம்மா. அதனால் மட்டுமா? கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேரன் பிறந்திருக்கிறான் என்றார். வாழ்த்தக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அவர் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்பினேன். செருப்பு ஜோடியை வைப்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் நின்றேன். இரண்டையும் வைத்தேன். ஒன்றை மட்டும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தப்போ?

மே 10, ஞாயிறு

கேமரா இழுப்பறையில் கிடக்கிறது. மார்ச் 26க்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆனால் நேற்று சலவைக்கூடத்து ஜன்னலில் ஆவி படிந்து, அதன் மேல் ஒரு பூச்சி நடந்து போன தடம் இருந்தது. ஆட்காட்டி விரல் தானாக மடங்கி ஒன்றுமில்லாத காற்றை அழுத்தியது. விசில் பார்த்துவிட்டாள்.

"எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்து யார்கிட்ட காட்டுறது?"

சட்டென்று சீட்டியை நிறுத்திவிட்டாள். வேலை முடியும் வரை தொடங்கவில்லை.

மே 21, வியாழன்

வியாழக்கிழமைகள் இன்னும் வருகின்றன. யாரும் கதவைத் தட்டுவதில்லை.

மே 30, சனி

விடுதியிலிருந்து போன். நாத்தனார் குரல். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன், அவ்வளவு மெலிந்திருந்தது.

"அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கா உனக்கு?"

"மத்தியானத்தோட முடிஞ்சிடும்."

"வா." வைத்துவிட்டார்.

எதற்கு? வீட்டுச் சாவியை வாங்கவா? மூஞ்சிக்கு நேராக இரண்டு கேள்வி கேட்கவா? கேட்கட்டும்.

ஜூன் 6, சனி

நீளமான அறை. இரண்டு பக்கமும் இடுப்புயரக் கம்பிகள். எண்ணெய்த் துணியின் வாசனை. நாத்தனார் புதுக் கால் மாட்டிக்கொண்டு ஒரு முனையில் நின்றார். இளைத்துவிட்டார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. கால் செய்கிறவர் முழங்காலிட்டு ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். வயசானவர், காதில் பென்சில்.

நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "கேமரா கொண்டு வந்திருக்கியா?" என்றார்.

"இல்லக்கா."

"வேண்டாம். கண்ணால பாத்தா போதும். அங்க நில்லு."

நடந்தார். கம்பியைப் பிடித்தபடி, அந்த முனையிலிருந்து என்னை நோக்கி. எட்டு அடி. நெற்றி முழுக்க வேர்வை. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "சூப்பர்மா! பழைய மாதிரியே நடக்கிறீங்க!" என்றார் கால் செய்கிறவர்.

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. "ரெண்டு வாரமா எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார் என்னிடம். "நொண்டறேனா?"

கை தட்டல் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நல்ல வார்த்தை சொல்ல எவ்வளவு சுலபம். நாக்கு நுனியில் இருந்தது.

"நொண்டறீங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சாயறீங்க. புதுக் கால் தரையில படுறப்போ தோள் இறங்குது."

"கொஞ்சமாவா, நிறையவா?"

"நிறைய."

கம்பியைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. கண் கலங்கியது போலவும் இருந்தது, கோபம் போலவும் இருந்தது. எனக்குப் புரியவில்லை. பிறகு கால் செய்கிறவரிடம் திரும்பினார். "கேட்டீங்களா? கழட்டுங்க. அளவை மறுபடி பாருங்க."

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். அந்த நாலு நாளைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அங்கேயேதான் இருந்தது, எங்கள் நடுவில், இன்னொரு ஆள் மாதிரி. கிளம்பும்போது கதவு வரை கூட வரவும் அவரால் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே புதுக் காலின் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிராமல்.

"போயிட்டு வரேன்கா" என்றேன்.

"அடுத்த சனிக்கிழமை ரெண்டரைக்கு ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். "லேட்டா வராதே."