ஐந்து தரம், பத்து நிமிடம்

இன்று காலை கல்லூரியின் பழைய சேர்வரைக் கழற்ற வந்தார்கள். நிறுத்துவதற்கு முன் அதிலிருக்கும் கோப்புகளை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே வந்தபோது நீ எழுதி வைத்த குறிப்பு ஒன்று அப்படியே இருந்தது. ஆங்கில எழுத்தில் உன் யாழ்ப்பாணத் தமிழ்: "ஐஞ்சு தரம் பிழைவிட்டாப் பூட்டு. பத்து நிமிசத்தில திற. மனிசர் பிழை விடுவினம்."

அதற்குக் கீழே நிரலில் இருந்த எண்கள் என்னுடையவை. ஐந்தை மூன்றாக்கியதும், பத்து நிமிடத்தை நிரந்தரமாக்கியதும் நான்தான். உன் குறிப்பை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப அதையே வாசித்தேனடி.

கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டு முன் அறைக்கு நீ குடிவந்த வருடத்திலேயே இந்தக் கணினிக் கல்லூரியில் நம் இருவருக்கும் வேலை கிடைத்தது. காலையில் வந்ததும் ஆளுக்கொரு பிளேன்டீ, நடுவில் லொக், சேர்வரின் வரவுப் பதிவேடு. எந்த முகவரியிலிருந்து, என்ன பெயரில், எத்தனை மணிக்கு யார் சேர்வருக்குள் நுழையப் பார்த்தார்கள் என்று அது வரிவரியாகச் சொல்லும். எங்கெங்கோ இருக்கிற திருடர்கள் இரவெல்லாம் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அலுத்துப்போய்த்தான் நீ அந்தச் சின்ன நிரலை எழுதினாய். அடுத்தடுத்துத் தவறாகப் போடுகிற முகவரியை அது தானாகவே பூட்டிவிடும். பூட்டிய பிறகும் நீ லொக்கைப் படிப்பதை நிறுத்தவில்லை.

"அதான் மெசினே பூட்டுதே, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்பேன்.

"மெசின் பூட்டும். ஆரைப் பூட்டினதெண்டு பாக்கிறது எங்கட வேலை."

ஒருமுறை கட்டுகஸ்தோட்டை சோதனைச் சாவடியில் படையினர் கடவுச்சொல் எழுதியிருந்த உன் குறிப்புப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். ஒருவர் சாவடிகளைத் தாண்டிப் பயணம் போனால், மற்றவர் அன்றைக்கே இருவருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். தொலைபேசியில் சொல்லக் கூடாது. யார் ஒட்டுக்கேட்பார்கள் என்று தெரியாத காலம். சொல்லாமலே தெரிவதற்காக, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வீதியின் ஊர்களை வரிசையாக எடுத்தோம். ஊர்ப் பெயரும் நமக்குத் தெரிந்த நாலு இலக்கமும். மாற்றும்போதெல்லாம் அடுத்த ஊர். "பார், வீட்டுக்குக் கிட்டப் போறன்" என்று சிரிப்பாய். மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வரை வந்திருந்தோம்.

அப்போதுதான் உன் அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கென்று ஒரு கிழமை லீவில் யாழ்ப்பாணம் போனாய். நீ போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சண்டை தொடங்கிப் பாதையை மூடினார்கள்.

நீ இல்லாத அந்த நாட்களில்தான் அந்தத் திருடர்கள் சேர்வரை ஒரேயடியாகத் தட்டத் தொடங்கினார்கள். மின்னஞ்சல் திறக்கவில்லை என்று பணிப்பாளர் எல்லார் முன்னாலும் என்னை ஏசினார். ரோசத்தில் உன் நிரலைத் திறந்து மூன்று தரம் என்றும் நிரந்தரம் என்றும் மாற்றினேன். மறுநாளே சேர்வர் அடங்கிவிட்டது. நீ வந்ததும் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று இருந்தேன். இனிமேல் படிக்க என்ன இருக்கிறது என்று லொக்கைத் திறப்பதையும் விட்டுவிட்டேன். அந்தக் கிழமை பிளேன்டீயை ஜன்னலோரமாக நின்று, வெளியே பார்த்துக்கொண்டு குடித்தேன்.

ஒரு நாள் உன் அழைப்பு வந்தது. "வெளியில போற கப்பலுக்குப் பேர் பதியினம். கண்டியில வேலை எண்டு கந்தோர்க் கடிதம் காட்ட வேணும். நாளையிண்டைக்குக் கடைசி நாள். என்ரை மெயிலுக்குப் போட்டு விடு."

"இப்பவே போடுறேன். ஆனா பாஸ்வேர்டு மாத்திட்டேனே."

"அடுத்த ஊர் எதெண்டு எனக்குத் தெரியாதோ?" என்று சிரித்தாய். லைன் அறுந்துவிட்டது. அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உன் குரல்.

பணிப்பாளரிடம் கடிதத்தை அரை மணி நேரத்தில் வாங்கி உன் மின்னஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டேன். கப்பலில் வந்துவிடுவாய் என்றே நம்பினேன். என் அம்மா உன் அறையைக் கூட்டி, தலையணை உறைகூட மாற்றி வைத்தார். இரண்டு கிழமை கழித்து உன் தங்கை பேசினாள். ஊரடங்கு தளர்த்திய நேரத்தில் பேக்கரியில் நீ பாண் வாங்க நின்ற இடத்தில் ஷெல் விழுந்ததாம்.

அதற்குப் பிறகுதான் லொக்கைத் திறந்தேன். உன் பெயர் மூன்று வரிகளில் இருந்தது. தவறு, தவறு, தவறு. நாலாவது வரியில் முகவரி பூட்டப்பட்டது என்றிருந்தது. அதற்குப் பிறகு நீ எத்தனை தரம் தட்டினாய் என்று அதில் இல்லை. பூட்டிய முகவரிக்கு நம் சேர்வர் முடியாது என்றுகூடச் சொல்லாது, பேசாமல் இருக்கும். நீ கேட்ட கடிதம் உள்ளே கிடந்தது.

ஏன் மூன்று தரமும் பிழையாகப் போட்டாய் என்று வருடக்கணக்காக எனக்கு விளங்கவில்லை. பாதை திறந்த பிறகு உன் அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாண பஸ் ஏறினேன். அக்குறணை தாண்டி அலவத்துகொடவில் பஸ் நிற்காமல் போனது. மாத்தளையில்தான் நின்றது. அப்போதுதான் உறைத்தது. நான் கண்டியில் பிறந்தவள், அக்குறணைக்கு அடுத்தது எனக்கு அலவத்துகொட. தூர பஸ்ஸில் வந்துபோன உனக்கு அடுத்தது மாத்தளை. மாத்தளை இல்லையென்றால் வேறு எதுவென்று யோசித்திருப்பாய். இன்னும் இரண்டு தரம் தந்திருந்தால் பிடித்திருப்பாய். பத்து நிமிடம் கழித்துத் திறந்திருந்தாலும் பிடித்திருப்பாய். பஸ்ஸில் பக்கத்திலிருந்த மனுஷி பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "மெயில் உள்ளுக்கு விடுதில்லை எண்டு வந்து சொன்னவள் பிள்ளை. நான் அழுதுபோட்டன். 'பயப்பிடாதேங்கோ அம்மா, அவள் காலமை வேலைக்கு வந்த உடனை லொக்கிலை என்ரை பேரைப் பாப்பாள், திறந்து விடுவாள்' எண்டவள். அடுத்த நாளும் விடியப் போய் அந்த இன்ரநெற் கடையிலை வரிசையிலை நிண்டவள்."

பூட்டியது நான் என்று சொல்லவில்லை. அவர் போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

இன்று அந்தச் சேர்வரை நிறுத்தும் முன் உன் பெட்டியைப் பார்த்தேன். கந்தோர்க் கடிதம் படிக்கப்படாமல் தடித்த எழுத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

புதிய சேர்வர்களிலும் ஐந்து தரம், பத்து நிமிடம்தான். இது போதாது என்று புதிதாக வந்த பொறியியலாளர் வாதாடுகிறார். வாதாடட்டும். நான் ஒவ்வொரு காலையும் பிளேன்டீயை வைத்துக்கொண்டு பூட்டப்பட்ட பெயர்களை ஒன்றுவிடாமல் கண்ணால் படிக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாயிற்று, உன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'அவள் பாப்பாள்' என்று உன் அம்மாவிடம் சொன்னாயே. பார்க்கிறேன்.