நாற்பத்தொன்று காட்டிய மீட்டர்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
மே 3, ஞாயிறு

அன்பு மகள் துளசிக்கு,

அப்பாவும் நானும் இங்கே முருகன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் ஒரு நிமிஷம் இருங்கம்மா என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு கடைசிவரை படி. உள்ளே ஒரு சின்ன உறையில் போட்டோ ஒன்று ஒட்டி வைத்திருக்கிறேன், நான் சொல்லும்போதுதான் பிரிக்க வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். பிளாக்கில் லிஃப்ட் மறுபடியும் ஓடவில்லை, மூன்றாவது மாடிதானே என்று அப்பா வீம்புக்குப் படியேறி முழங்காலை வீங்க வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி உட்கார்ந்தே பழகிய கால், அதற்குப் படி ஆகாது என்றால் கேட்பதில்லை. தாசேக் கெலுகோர் பெரியப்பா பலாப்பழம் கொடுத்தனுப்பினார், பாதியைப் பக்கத்து வீட்டு அஃப்ரீனுக்குக் கொடுத்தேன், பெருநாளுக்கு அவள் கொடுத்த நெய்ச்சோற்றுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே. நீ கேட்ட மிளகாய்த்தூள் தனிப் பார்சலில் வருகிறது, வந்ததும் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையில் இருந்த மீன் தொட்டியை சிம்பாங் அம்பாட் வளர்ப்பு மீன் கடைக்காரத் தம்பி குணாளன் வந்து எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். போகவில்லை. தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அந்த நீல வெளிச்சத்தில் கோடு சரியாகத் தெரியவில்லை, வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தைப்பூசம் முடிந்த வாரம் விமான நிலையத்தில் சிரித்த முகமாக எங்களைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனவள், கதவு வரை போய்த் திரும்பி வந்து என் காதில் அந்தப் பச்சைய மட்டும் எப்படியாச்சும் பாத்துக்கங்கம்மா என்று சொன்னாய். அந்தப் பச்சைப் பவளம் உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். உன் வேலை பறிபோன வருஷம் நீ யாரோடும் பேசாமல் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். கட்டைவிரல் அளவில் பூப்போல விரியும் இரண்டே தலையோடு வந்தது, உன் கையில் பதினொரு தலையாக வளர்ந்தது, அது வளர வளரத்தான் நீயும் தேறி எழுந்தாய். பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், தொட்டிக் கண்ணாடியில் பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், பதினாறு விதிகள். முதல் விதி, அம்மா, என்னைக் கேக்காம எதையும் தொடாதீங்க. அப்பாவுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. அதை நான் மறக்கவில்லை.

நீ போன நாலாம் நாள் அப்பா உப்பு மீட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தைந்து இருக்க வேண்டியது நாற்பத்தொன்று காட்டியது. உனக்குப் போன் போட்டோம். நீ பதறிப்போய், தண்ணிய வத்த விட்டுட்டீங்க, தொட்டித் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்தி முப்பத்தைந்துக்குக் கொண்டு வாங்க என்றாய். நான் அப்போதே கேட்டேன், நீ டேப் ஒட்டி வைத்த கோட்டில்தான் தண்ணீர் நிற்கிறது, வற்றியதை நிரப்பும் மெஷினும் ஒழுங்காக ஓடுகிறது, நாங்கள் ஒரு சிட்டிகை உப்புகூடப் போடவில்லை, குழம்பு வற்றாமல் உப்பு எப்படி ஏறும் என்று. அம்மா, இது குழம்பு இல்ல லா என்றாய். வாயை மூடிக்கொண்டு நீ சொன்னபடியே செய்தோம். ஆனால் நோட்டில் எழுதி வைத்தேன். இருபத்தாறு வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து சிப் சோதித்தவள் நான், ஷிஃப்ட் நோட்டு எழுதாமல் எனக்குப் பொழுது போகாது. அன்றைய பக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது: நீர்மட்டம் சரி, உப்பு 41, எப்படி?

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். முதலில் ஓரத்துத் தலைகள் இரண்டு சுருங்கின, அப்புறம் நடுவில், பிறகு மொத்தமும் உள்ளே இழுத்துக்கொண்டு வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது. அதிலேயே குடியிருந்த கோமாளி மீன் ஜோடி, படுக்க இடமில்லாமல் பம்ப் மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. தொட்டிக்கு எதிரே நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாய், விளக்கைக் குறைத்தோம், பம்பைத் திருப்பினோம், வாரா வாரம் தண்ணீர் மாற்றினோம், மீட்டர் ஒவ்வொரு தடவையும் முப்பத்தைந்து என்றே காட்டியது. கடைசியில் சாப்பாடு அதிகமாப் போடுறீங்கம்மா என்றாய். அது என் மனதில் தைத்தது. அளந்துதான் போட்டேன், நோட்டில் இருக்கிறது. பிறகு ஒரு வியாழக்கிழமை, பரவாயில்லம்மா, குணாளன் அண்ணேகிட்ட சொல்லிட்டேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்குவாரு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அன்றைக்கே கேமராவையும் அணைத்துவிட்டாய். நீ அழுதாய் என்று அம்மாவுக்குத் தெரியாதா? உலகத்தின் அந்தக் கோடியில் தனியாக உட்கார்ந்து நீ அழுகிறாய், உனக்குக் கொடுத்த ஒரே ஒரு வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த நாற்பத்தொன்றில் வந்து நின்றேன். எங்கள் லைனில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவார்கள், அளவு தப்பாக வந்தால் பொருளை ஒதுக்குவதற்கு முன்னால் அளக்கிற கருவியைச் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்த தேதி போட்ட ஸ்டிக்கர் இல்லாத கருவியைத் தொட்டால் சூப்பர்வைசர் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நீ படித்தவள், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் கண்ணை நானே நம்பாமல் இருந்துவிட்டேன். கீழே கடைக்குப் போய் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். அதில் உப்பே கிடையாது, மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஆறு காட்டியது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், ஆறு. மூன்றாவது தடவையும் ஆறு. உப்பு ஏறவே இல்லை துளசி, மீட்டர்தான் ஆறு கூட்டிக் காட்டியிருக்கிறது. சரியாக இருந்த தண்ணீரில் நல்ல தண்ணீரை ஊற்றி இருபத்தொன்பதுக்கு இறக்கி வைத்துவிட்டு, அதை முப்பத்தைந்து என்று நம்பிக்கொண்டிருந்தோம். மீன் அதைத் தாங்கிக்கொண்டது, பவளத்தால் முடியவில்லை.

நான் மூன்று தடவை பார்க்கும்வரை பின்னால் நின்றுகொண்டிருந்த உன் அப்பா அப்போதுதான் மெதுவாக வாயைத் திறந்தார். நீ கிளம்பிய அன்று அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கும்போது மீட்டர் தரையில் விழுந்ததாம், உடையவில்லை என்று துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாராம், பாப்பா போற நேரத்துல எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன் என்கிறார். மத்தியானம் வரை நான் அவரோடு பேசவில்லை. இதை உனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

குணாளன் தெர்மோகோல் பெட்டிகளும் வாளிகளுமாகப் படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கள் மீட்டர் ஆறு கூட்டிக் காட்டுகிறது, உன் மீட்டரில் இந்தத் தொட்டியைப் பார் தம்பி என்றேன். பார்த்தார். இருபத்தொன்பது. அக்கா, நீங்க சொல்றது சரிதான், ஆனா இது தேறாது லா, மிஞ்சினா நாலு தலை பிழைக்கும், இப்பவே குடுத்தா கடையில வெச்சுப் பாக்கறேன் என்றார். பன்னிரண்டு நாள் கொடு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் மீட்டரை எனக்கு இரவல் கொடுத்துவிட்டுக் காலிப் பெட்டிகளோடு இறங்கிப் போனார். அன்று நீ போனில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாய், வந்தாரா என்று. வந்துட்டுப் போயிட்டாரு என்றேன். நான் பொய் சொல்லவில்லை, நீ மேலே கேட்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் நிரப்பும் மெஷினை நிறுத்திவிட்டு, தினமும் வற்றுகிற மூன்று லிட்டருக்கு நல்ல தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். ஒரு நாளைக்கு அரைப் புள்ளிதான் ஏறும், அதற்கு மேல் ஏற்றினால் பவளம் தாங்காது. அப்பா அவசரப்பட்டு இன்னொரு வாளி ஊத்துவோமா என்பார், கையைத் தட்டிவிடுவேன். காலை ஒரு அளவு, மாலை ஒரு அளவு, கீழே கையெழுத்து. ஐந்தாம் நாள் ஒரு தலையில் நகக்கண் அளவுக்குப் பச்சை எட்டிப் பார்த்தது. ஒன்பதாம் நாள் ஆறு தலை. பன்னிரண்டாம் நாள் முப்பத்தைந்து தொட்டபோது பதினொன்றும் வெளியே வந்திருந்தன. சித்திரை ஒன்றாம் தேதி காலை சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு உன் அறைக்குள் போனால், கோமாளி ஜோடி பம்ப் மூலையில் இல்லை. எங்கே என்று தேடினால் இரண்டும் பச்சைக்குள்ளே புரண்டுகொண்டிருக்கின்றன. பெரியதுதான் பெண் என்று நீ சொல்லியிருக்கிறாய், அது நடுவில் மகாராணியாகப் படுத்துக்கொண்டு சின்னதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா ஓடி வந்து என்னவோ ஏதோ என்று பயந்து, பார்த்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் பாப்பா. மனசு நிறைந்து சொல்கிறேன், ஃபேக்டரியில் எத்தனையோ வருஷம் சிறந்த ஊழியர் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அப்போதே உனக்குச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் தேறியது என்று ஒரு தடவை பார்த்ததும் பாஸ் போடுவது எங்கள் கியூசி தரச் சோதனையில் பழக்கம் இல்லை, கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் எண் போட்ட முத்திரையைக் குத்துவோம். உனக்கு ஒரு தடவை ஆசை காட்டி மறுபடியும் பறிபோனால் நீ தாங்கமாட்டாய் என்றும் பயந்தேன். மூன்று வாரம் பார்த்தாயிற்று. போன சனிக்கிழமை குணாளன் தன் மீட்டரை வாங்க வந்து தொட்டி முன்னால் குனிந்து தலைகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு, ஒரு தலை வெட்டிக் குடுங்கக்கா, என்ன விலை சொன்னாலும் தர்றேன் என்றார். அதற்குச் சொந்தக்காரி அயர்லாந்தில் இருக்கிறாள், அவளைக் கேள் என்றேன். இப்போது உறையைப் பிரித்துப் போட்டோவைப் பார். பதினொன்றையும் எண்ணிப் பார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அத்தனை தூரத்திலிருந்து மீட்டர் சொன்னதை நம்பினாய், பக்கத்திலேயே இருந்த நாங்களும் அதைத்தான் நம்பினோம். ஆனால் உன் வேலை இடத்தில் யாராவது வயதான பொம்பளை குறுக்கே ஏதாவது கேட்டால் கொஞ்சம் நின்று கேள். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. தீபாவளிக்கு லீவுக்கு இப்போதே எழுதிப் போடு.

உன் மீட்டரை நான் பூஜ்யத்துக்குத் திருகி வைத்து, தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். உன் பதினாறு விதித் தாளை மடித்து அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், அது இருந்த இடத்தில் இப்போது என் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரே ஒரு விதிதான். துளசி, வந்ததும் அம்மாவைக் கேட்காமல் எதையும் தொடாதே.

முருகன் துணையிருப்பான், நீ நூறு வயது நன்றாக இரு. மறக்காமல் கேமராவைப் போட்டுப் பார், பச்சை காத்திருக்கிறது.

அன்புடன் அம்மா,
கியூசி முத்திரை எண் 47, பாஸ்